அவர் பெயரில் ஒரு லென்ஸ்

ஜூன் 12, புதன்

லேபில் கேக் வெட்டினார்கள். எங்கள் லென்ஸுக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. எங்கள் என்று எழுதக் கை பழகிவிட்டது, மாற்றிக்கொள்ள வேண்டும். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் லேப் தலைவர் டாக்டர் சிவசைலத்தின் பெயர் மட்டும். பூங்கோதை என்ற என் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

எனக்கு டைரி எழுதும் வழக்கம் கிடையாது. இதை எங்காவது கொட்டாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருப்பதால், தங்கராசுவின் மோட்டார் கடைக்குப் பம்ப்செட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டேன். தங்கராசு என் வீட்டுக்காரர். டைரியில் தண்ணீர் மோட்டார் படமாகப் போட்டிருக்கிறது. பரவாயில்லை.

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் என்பது வேறொன்றுமில்லை, தண்ணீர் குடித்த ஜெல்லி. கண்ணில் கிடக்கக் கிடக்க அதன்மேல் கண்ணீரின் புரதமும் அழுக்கும் படியும், கிருமி குடியேறும். அந்த ஜெல்லியின் மேல் ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்கியவள் நான். பூச்சில் லேசான நேர்மின்னூட்டம் இருக்கும். கிருமியின் தோலில் எதிர்மின்னூட்டம். தொட்டதும் கிருமி கிழிந்து சாகும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. இதைச் செய்து முடிக்க எத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமைகூட லேபுக்குப் போனேன் என்று தங்கராசுவைக் கேட்டால் தெரியும். கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போனேன். திரும்பி வருவதற்குள் சிவசைலம் பெயரில் காப்புரிமை விண்ணப்பம் போய்விட்டது. கேட்டதற்கு, "அவசரத்துல விட்டுப்போச்சு பூங்கோதை. அடுத்ததுல சேத்துக்கிடலாம்" என்றார், ஏதோ கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது போல.

இன்று கேக்கில் ரோஜாப்பூ வைத்த துண்டை எனக்குக் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். ஏன் தின்றேன் என்றுதான் ஆத்திரமாக வருகிறது.

ஜூன் 13, வியாழன்

கேக் இன்னும் செரிக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். லேபிலிருந்து ஒரு ஜோடி லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கண்ணில் போட்டுக்கொண்டேன். விதிப்படி கூடாது. என் பூச்சை என் கண்ணில் போட நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

தலைக்குக் குளித்து, மை போட்டு, லென்ஸ் போட்டு வாசலில் நின்றேன். எதிர்வீட்டு முருங்கையை இலை இலையாகப் பார்த்தேன். இதை நான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மதியத்துக்குள் வலது கண்ணில் பனிமூட்டம் போல் ஒரு மங்கல். லென்ஸைக் கழற்றப் போனால் வரவில்லை. விழியோடு ஒட்டிக்கொண்டது. சலைன் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. குழாய்த் தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும் என்று தெரியும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. நல்லவேளையாக மூளை வேலை செய்தது. மின்னூட்டத்தால் பிடித்தது என்றால் சலைனைவிடச் செறிவான உப்புதான் விடுவிக்கும். தங்கராசுவுக்குக் கண்புரை எடுத்தபின் வீக்கத்துக்குக் கொடுத்த ஐந்து சதவீத உப்புச் சொட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. விட்டேன். எரிச்சலில் உயிர் போனது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி விட்டதும் லென்ஸ் தானாக நழுவி வந்தது. பிய்த்து எடுத்திருந்தால் விழித்தோலும் கூடவே வந்திருக்கும்.

"என்ன புள்ள, கண்ணு கோவப்பழமா இருக்குது?" என்றார் தங்கராசு. லென்ஸில் கோளாறு என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். மைதான் காரணம். கடை மை அல்ல. அதில் மெழுகுதான் அதிகம், அது ஒன்றும் செய்வதில்லை. வீட்டில் விளக்கெண்ணெய்த் திரி எரித்துப் புகை பிடித்து, அதே எண்ணெயில் குழைக்கும் மை. அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. கிருமியை இழுக்கும் பூச்சு அதையும் இழுத்துக்கொள்கிறது. இழுத்ததும் லென்ஸின் குணம் மாறி ஈரத்தை விலக்குகிறது, விழியோடு ஒட்டுகிறது. லென்ஸ்மேல் விட்ட தண்ணீர்த் துளி படர வேண்டும், இன்று சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பது போல் உருண்டு நின்றது.

சோதனைக்கு வந்தவர்களிடம் இது தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், மை, பவுடர் எதுவும் போடாமல் முகம் கழுவிவிட்டு வரச் சொல்வதுதான். அதுதான் எங்கள் வழக்கம். சுத்தமான கண்ணில், குளிர்சாதன அறையில், சுத்தமான முடிவுகள். மையோடும் ஒரு சோதனை வைக்க வேண்டும் என்று நான் முன்பே ஒரு கூட்டத்தில் சொன்னேன். "அது பியூட்டி பார்லர் வேலைல்லா" என்றார் சிவசைலம். எல்லோரும் சிரித்தார்கள்.

இருந்தாலும் சொல்லிவிடலாம் என்று அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரிடமோ போனில், "பூச்சு ஐடியா எனக்கு ஒருநாள் குளிக்கும்போது தோணிச்சு, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்துவிட்டேன். குளிக்கட்டும். இன்னும் நன்றாகக் குளிக்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வரும் நாள். தொட்டி, குடம், அண்டா எல்லாம் நிரப்பினேன். கேஸ் தீர்ந்துவிட்டது.

"லென்ஸ்ல கோளாறுன்னியே, ஆபீஸ்ல சொல்லீட்டியா?" என்று தங்கராசு கேட்டார்.

"சொல்லோணும்" என்றேன்.

"அந்தாளு மேல இருக்கற கோவத்த எல்லாம் ஒரு நாளைக்கு நேராப் போயித் திட்டித் தீத்துப்போட்டு வா. உள்ளயே வெச்சு ஊறுகா போடாத."

கோபத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? இவர் ஒரு மோட்டார் செய்து அதை இன்னொருவன் தன் பெயர் போட்டு விற்றால் அப்போது தெரியும்.

ஜூலை 28, ஞாயிறு

சிவசைலம் மனைவியோடு வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார். மகள் சுகிர்தாவுக்கு ஆகஸ்ட் முப்பதாம் தேதி கல்யாணம். அவர் மனைவி சங்கரவடிவு நல்ல மாதிரி, திருநெல்வேலிப் பேச்சு இன்னும் மாறவில்லை. தாம்பாளத்தை நீட்டி, "நீங்க குடும்பத்தோட முந்தின நாளே வந்திரணும், கேட்டியளா" என்றாள்.

காபி குடித்து முடித்ததும் சிவசைலம் தொண்டையைக் கனைத்தார். சுகிர்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. பள்ளியில் அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்களாம். மணமேடையில் கண்ணாடி இல்லாமல் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

"நம்ம லென்ஸ் போட்டுத்தான் தாலி கட்டிக்கிடப் போறா. அவ பவருக்கு ஒரு ஜோடி செஞ்சிரலாம். போடக் கழத்த நீங்கதான் பழக்கி விடணும். உங்க கை பூ மாதிரி."

"இன்னும் விற்பனை அனுமதி வரலீங்களே."

"நம்ம பிள்ளைக்கு நாம போடுததுக்கு என்ன அனுமதி? சாயங்காலம் ரிசப்ஷனுக்கு, இந்த லென்ஸத் தயாரிக்கப் போற பெங்களூர் கம்பெனிக்காரங்க வாறாங்க. மேடையில வச்சே சொல்லிருவேன், என் மக கண்ணுல இருக்கது என் கண்டுபிடிப்புன்னு."

அவர்கள் போனபின் பத்திரிகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே கூடியிருக்கும். பெங்களூர்க்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர் மைக்கைப் பிடிப்பார். பக்கத்தில் பெண் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சுகிர்தா வந்தாள். கணக்குப் பாடம் நடத்தும் பெண், வாய் ஓயாத பெண். வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் சமையலறை ஸ்டூலில் மோதிக்கொண்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

லென்ஸை விரல் நுனியில் கிண்ணம் போல் நிறுத்துவது எப்படி, மேல் இமையை எப்படிப் பிடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவை நானே போட்டுவிட்டேன். இமைத்தாள், இமைத்தாள், அப்புறம் என்னையே பார்த்தாள்.

"ஆன்ட்டி! உங்க கன்னத்துல மச்சம் இருக்கா! இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது!"

கண்ணாடி முன்னால் போய் நின்றவள் அசையவே இல்லை. வெற்று முகத்தைத் தூரத்திலிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல்முறை. "நான் நல்லாத்தான் இருக்கேன் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கே என்றேன். அது பொய்யில்லை.

கிளம்பும்போது கேட்டாள். "மை போடலாமா ஆன்ட்டி? அம்மா வீட்டுலயே மை செஞ்சு தர்றேன்னு சொல்றாங்க. கடை மை எனக்கு எரியும்."

நான் லென்ஸ் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். மூடி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"உங்கப்பாவக் கேளும்மா. அவருதானே கண்டுபிடிச்சவரு."

ஆகஸ்ட் 12, திங்கள்

சுகிர்தா போன் செய்தாள். அப்பா தாராளமாகப் போடச் சொல்லிவிட்டாராம். அந்த லென்ஸில் எதுவும் ஒட்டாதாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

யோசித்துப் பார்த்ததில் நான் ஊருக்கு நல்லதுதான் செய்கிறேன். லென்ஸ் கடைக்கு வந்து ஆயிரம் பெண்கள் வாங்கிய பின் தெரிவதைவிட, மண்டபத்தில் ஒரு நாள் தெரிவது மேல். ஒரு பெண்ணுக்கு ஒரு மணிநேரம் கண் சிவக்கும். உப்புச் சொட்டு விட்டால் வந்துவிடும். எனக்கு வந்ததே. எனக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை.

அவருக்கு ஆகும். பெங்களூர்க்காரன் கேட்பான், மையோடு சோதனை வைத்தீர்களா என்று. பியூட்டி பார்லர் என்று பதில் சொல்லட்டும்.

தோசைக்கு ஊறப்போட்டேன். "ஏன் இப்பல்லாம் மை போடறதில்ல?" என்று தங்கராசு கேட்டார். இந்த மனிதர் எதையெல்லாம் கவனிக்கிறார்!

ஆகஸ்ட் 27, செவ்வாய்

லேபில் வேலை கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. சும்மா அந்தப் பக்கம் போனவள் சிவசைலம் வீட்டில் எட்டிப் பார்த்தேன். கல்யாணப் பரிசு என்ன வேண்டும் என்று கேட்கத்தான்.

சங்கரவடிவு பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். விளக்கெண்ணெய் அகலுக்கு மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவே இல்லை.

"வாங்க, வாங்க. எந்திரிச்சா கரி சிந்திரும், அதான். உக்காருங்க. என் கையால செஞ்சாத்தான் அவளுக்கு ஒத்துக்கிடும். நல்ல எண்ணெய்க்காக ஊர்ல இருந்து ஆளு விட்டு வரவழச்சேன்."

"வடிவு" என்று கூப்பிட்டேன்.

"சொல்லுங்க."

சிவசைலம் உள்ளே வந்தார். ரிசப்ஷனில் பேசப்போவதை ஒத்திகை பார்ப்பதாகச் சொன்னார். பேசியும் காட்டினார். நான் என்ற சொல் இல்லாத வாக்கியம் அதில் கிடையாது. முடித்துவிட்டு, "ஒங்க பேரையும் சொல்லுவேன் பூங்கோதை. ஆய்வுக்கூட உதவியாளர்கள் அனைவருக்கும் நன்றின்னு பொதுவா வரும், அதுல நீங்களும் உண்டு" என்றார்.

வடிவுவிடம் வெள்ளிக் குங்குமச் சிமிழ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள். காபி நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

சுகிர்தாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுத்ததும் வைத்துவிட்டேன். கை தவறி அழுத்திவிட்டேன் என்று பிறகு செய்தி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 31, சனி

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். தங்கராசு என்னோடு பேசவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பார்க்கிறார், படிக்கவில்லை.

நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். சுகிர்தா அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். பெரிய கண்கள், மை அகலமாகத் தீட்டியிருந்தது. அந்தக் கண்களை இதுவரை கண்ணாடி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை, அதனால் மண்டபத்தில் சொந்தக்காரர்களே வாயைப் பிளந்தார்கள். மாப்பிள்ளை அவளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஓமப் புகை எழும்ப, அவள் கண்ணில் நீர் கட்டியது. கைக்குட்டையால் ஒற்றினாள். ஒற்றும்போது மை உள்ளே போனது. என்னைத் தேடிப்பிடித்துச் சிரித்தாள், தூரத்திலிருந்தே என்னைத் தெரிகிறது என்று காட்ட.

தாலி கட்டி முடித்துப் போட்டோவுக்கு நிற்கும்போது வலது கண்ணை அடிக்கடி மூடினாள். இமை சிவந்திருந்தது. தங்கராசு என் முழங்கையைத் தொட்டு, "அந்தப் புள்ளைக்கு உன்ற கண்ணு மாதிரியே ஆகுது பாரு" என்றார். புகையாக இருக்கும் என்றேன். சாப்பிடப் போகலாம் என்றேன்.

பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் வந்தது. குடித்தேன். இரண்டாவது முறை கேட்டபோதும் டம்ளரை நீட்டினேன். உண்மையை எழுத வேண்டுமானால், எனக்குப் பாயசம் இனித்தது. சாயங்காலத்தை நினைத்து இனித்தது.

அப்போது வடிவு ஓடி வந்தாள். முந்தானை ஈரமாக இருந்தது.

"நீங்கதான போட்டுப் பழக்கினிய, வந்து எடுத்து விடுங்க! வர மாட்டங்குது! பிள்ளை துடிக்கா!"

மணமகள் அறையில் ஐந்தாறு பெண்கள். ஒருத்தி சொம்பிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தாள். இடது லென்ஸ் எப்படியோ கழன்று தரையில் கிடந்தது. சுகிர்தா வலது கண்ணுக்குள் இரண்டு நகங்களை விட்டுக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மருதாணி வைத்த நகம். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் ஒருமுறை இழுத்துவிட்டாள். அவள் போட்ட சத்தம் வெளியே நாதஸ்வரத்தில் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்றேன். வாசலில் சிவசைலம் நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க. இப்படியே வெளிய கூட்டிட்டுப் போனா எல்லாரும் என்ன நினைப்பாங்க? சாயங்காலம் பெங்களூர்க்காரங்க வாறாங்க. ஒரு கண்ணுல இருந்தாக்கூடப் போதும், சமாளிச்சிரலாம்."

வடிவு அவரைப் பிடித்துத் தள்ளினாள். "நீரு மனுசந்தானா!" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மாலையும் பட்டுமாகவே சுகிர்தாவைக் காரில் ஏற்றினோம்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷகிலா பானு கருவி வழியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். லென்ஸ் விழியோடு ஒட்டியிருந்தது, நகம் பட்ட ஓரத்தில் விழித்தோல் கிழிந்திருந்தது.

"இது என்ன லென்ஸ்? நான் பாத்ததே இல்லையே. மேல என்ன பூசியிருக்கு?"

சிவசைலம் ஆரம்பித்தார். மாநாடுகளில் சொல்லும் அதே பேச்சு, அதே வரிசையில்.

"அதெல்லாம் சரிங்க சார். இது எதுல விடும்?"

அவர் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. அவருக்குத் தெரியவில்லை. தன் பெயரில் இருக்கும் பொருள் எதனால் பிடிக்கும், எதனால் விடும் என்று அவருக்குத் தெரியவில்லை. கேக் தின்ற நாளிலிருந்து நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். டாக்டர் இடுக்கியைக் கையில் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இழுக்காதீங்க டாக்டர்" என்றேன். "அஞ்சு பர்சன்ட் உப்புச் சொட்டு விடுங்க. சாதா சலைன் வேண்டாம். விட்டுட்டுப் பொறுத்து இன்னொருக்கா விடுங்க, தானா நழுவும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ற கண்ணுல போட்டுப் பாத்தேனுங்க. மையோட. இதே மாதிரிதான் ஒட்டுச்சு."

"எப்போ?"

அது டாக்டர் சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். எல்லா நோயாளியிடமும் கேட்பது. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, சொட்டு மருந்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஆனியில" என்றேன்.

வடிவு என் பக்கம் திரும்பினாள். "ஆனியிலயா?" என்றாள். படுத்திருந்த சுகிர்தா மற்ற கண்ணை என் பக்கம் திருப்பினாள். அந்தத் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் அவளுக்கு நான் ஒரு நிறமாக மட்டுமே தெரிந்திருப்பேன். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

லென்ஸ் நழுவி வந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

கிழிந்த இடத்தில் சீழ் வைத்து, இப்போது வற்றிவிட்டதாம். தழும்பு நிற்கும். பார்வை நடுவில் இல்லை, ஓரத்தில்தான். ராத்திரியில் விளக்கைப் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தங்கராசு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

பெங்களூர்க்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். அனுமதி இல்லாத லென்ஸைப் பெண் கண்ணில் போட்டதற்காக நிர்வாகம் விசாரணைக் குழு வைத்திருக்கிறது. சிவசைலம் லேபுக்கு வரவில்லை. வரவேற்பறையில் சட்டத்தைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. காலையில் பல் விளக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சுகிர்தா வந்தாள். பழைய தடிக் கண்ணாடி போட்டிருந்தாள். மாப்பிள்ளை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றாள்.

"அப்பா தெரியாம சொன்னாரு, போடலாம்னு. நீங்க தெரிஞ்சு சொல்லாம இருந்தீங்க. நான் அப்பாகூடப் பேசறேன்."

என்னோடு பேசமாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். ஆசிரியை அல்லவா, ஒரு வரியில் விளங்க வைத்துவிட்டாள். உட்காரம்மா என்றேன். கேட்காதது போல் மேலே பேசினாள்.

"இன்னொண்ணு சொல்லத்தான் வந்தேன். விசாரணையில உங்க பேரை அப்பா எடுக்கவே போறதில்ல. பூச்சு முழுக்க என்னோடது, தப்பும் என்னோடதுன்னு சொல்லப்போறாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருந்த விஷயத்தையும் சொல்லமாட்டாரு. எங்களையும் சொல்ல வேண்டாம்னுட்டாரு. பூங்கோதைக்குப் பண்ணினதுக்கு இதாவது செய்யறேன்னு அழுதாரு. உங்களுக்கு நிம்மதியா இருக்கட்டும்."

அவள் போன பிறகு வாசலைக் கூட்டினேன். ஏற்கெனவே கூட்டின வாசல்.

இதாவது செய்கிறாராம்! என்ன ஒரு பெருந்தன்மை! குறை எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அவர் சொன்னால், பூச்சு யாருடையது என்ற கேள்வி வரும். அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டிவரும். அதைவிட வேலை போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார் மனிதர். வெற்றியையும் தன் பெயரில் வைத்துக்கொண்டார், இப்போது தோல்வியையும் எனக்குத் தர மனமில்லை. அழுதாராம். நம்ப வேண்டுமாம்!

தங்கராசுவிடம் இதை அப்படியே சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "அந்தாளு நெசமாவே அழுதிருந்தா என்ன பண்ணுவே?" என்றார்.

எழுந்துவிட்டேன். மாவு அரைக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 3, வியாழன்

நாளைக்கு விசாரணை. நீலப் புடவைக்குக் கஞ்சி போட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

குழுவில் மூன்று பேர். தலைவர் வெளியூரிலிருந்து வந்த பெரியவர், சாந்தமான மனிதர். லேபில் வேலை செய்யும் எல்லோரையும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தட்டச்சுக்காரர் ஓரத்தில் இருந்தார். சிவசைலம் வெளுத்துப்போய் இளைத்திருந்தார். சட்டையின் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

தலைவர் கேட்டார். "இந்தப் பூச்சை வடிவமைச்சது யார்?"

"நான்தான்" என்றார் சிவசைலம். "முழுக்க நான்தான். இதுல உள்ள குறை எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் கிடையாது. எல்லாப் பொறுப்பும் என்னோடது."

தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார். தலைவர் தலையசைத்தார். தட்டச்சுக்காரரின் விரல்கள் ஓடின. அவ்வளவுதான், முடிந்தது. நான் எழுந்து வீட்டுக்குப் போகலாம். வேலை இருக்கும், ஓய்வூதியம் இருக்கும், பெயரில் ஒரு கீறல் விழாது. பெயர்தான் எங்குமே இல்லையே, எங்கே கீறல் விழ?

எழுந்து நின்றேன்.

"அவரு சொல்றது பொய்யிங்க. பூச்சு என்னோடது. கலவை, சூடு, எத்தனை நேரம் வெக்கோணும், எல்லாமே நான் பண்ணுனது. அவருக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்க என்ன வேணாலும் கேளுங்க, நான் சொல்றேன். அவரக் கேளுங்க, சொல்றாரான்னு பாருங்க."

"உக்காருங்க பூங்கோதை" என்றார் சிவசைலம். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினார். "வேண்டாம். உக்காந்திருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், எனக்கு முன்பே சிவசைலத்துக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் கெஞ்சினார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்த பிறகும் நான் உட்காரவில்லை.

"அப்படின்னா குறையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே அம்மா?"

"தெரியுமுங்க. ஆனியில இருந்தே தெரியும். மை போடலாமான்னு அந்தப் புள்ளை என்னையத்தான் கேட்டுச்சு. அப்பாவக் கேளுன்னு சொல்லி அனுப்பிச்சேன்."

சிவசைலம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பூச்சை அவரிடமிருந்து பிடுங்கத்தான் சொன்னேன். வேறு ஏதாவது காரணமும் இருந்ததா என்று இப்போது எழுதும்போது யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

தட்டச்சுக்காரர் முன்பு எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். பூச்சை வடிவமைத்தவர் என்று அடித்து நிறுத்தி, என் முழுப் பெயரைக் கேட்டார். அவசரமில்லாமல் சொன்னேன்.